மீதிக் கால்

பதாகையில் ஒரு கால் விடுபட்டிருந்தது:
'ஆசிரியர் மேம்பட்டுப் பயிலரங்கு.'
அச்சடித்தவனைக் குறை சொல்லிச் சொல்லி
முதல் கால்மணி நேரம் நன்றாகவே போனது.

பீடோர் தோட்டப் பள்ளி மண்டபம், சனிக்கிழமை.
பத்து நிமிடத்துக்கொரு செம்பனை லாரி
சன்னல்களை உலுக்கிவிட்டு ஆலைக்குப் போகிறது.
கதவோரம் ஒட்டிய கட்டக் குறியைக்
கைப்பேசியில் படமெடுத்து
எல்லாரும் வந்துவிட்டோம் என்று
எங்கேயோ இருக்கும் கணினிக்குச் சொல்லியாயிற்று.

காலையில் உணரிகள், மினுங்கும் சின்ன விளக்குகள்,
ஈரப்பதம் அளக்கும் ஒரு பச்சைப் பலகை.
பூந்தொட்டியில் செருகினால்
'தண்ணீர் வேண்டும்' என்கிறது திரை.
அறிவியல் ஆசிரியர் யோகலிங்கம்
அதைத் தன் மைலோவுக்குள் விட்டுப் பார்த்தார்.
'போதும்' என்றது.

பத்தரைக்குக் கணக்கு.
பயிற்றுநர் குணமதி தைப்பிங்கிலிருந்து வந்தவள்,
எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள்.
வெண்பலகையில் எழுதினாள்:
இரண்டே முக்காலை அரையால் வகுக்க.
சிரித்தோம்.
திருப்பிப் போடு, பெருக்கு, ஐந்தரை.
'விடை எல்லாருக்கும் தெரியும்.
யாராவது படம் வரைங்க' என்றாள்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பத்தொன்பது வருடம்
'திருப்பிப் போடு, பெருக்கு' என்று
மேசையைத் தட்டித் தட்டிச் சொன்ன கை
பேனா மூடியைக் கழற்றவே
நேரம் எடுத்துக்கொண்டது.

ரொட்டி சானாய் வரைந்தேன்.
இரண்டு முழு வட்டம்,
கால் பிய்த்துத் தின்ற ஒன்று.
அரை அரையாக எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
அந்த முக்காலுக்குள் இன்னோர் அரை,
ஐந்து.
மீதி, கால்.
ஐந்தே கால்.

மண்டபத்தில் யாரும் இருமவில்லை.
லாரிகூட வரவில்லை.
விதி ஐந்தரை என்கிறது,
நானே வரைந்த ரொட்டி ஐந்தே கால் என்கிறது,
முப்பத்தொரு ஆசிரியர்களுக்கு முன்னால்
நான் எந்தக் கட்சி?

'அந்தக் காலை எதால் அளந்தீங்க, டீச்சர்?'
கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார்,
அவசரமே இல்லாமல், பாட்டில் காலியாகும்வரை.
(இங்கிருந்து அவரை மரியாதையோடுதான் எழுதுகிறேன்.)

எதால்?
ரொட்டியால்.
எண்ணியதோ அரைகளை.
அரையை ஒன்று, ஒன்று என்று எண்ணிக்கொண்டே வந்து
கடைசித் துண்டுக்கு மட்டும்
பழைய அளவுகோலை எடுத்திருக்கிறேன்.
ரொட்டிக்கு அது கால்.
அரைக்கு அது பாதி.
அரையில் அரை கால் என்று
தூக்கத்தில்கூடச் சொல்வேன்;
அதே பாதையில் திரும்பி நடந்ததில்லை.

கைதட்டினார்கள்.
எனக்குச் ஷர்வேந்திரன் நினைவுக்கு வந்தான்.
மூன்று வருடத்துக்கு முன், அரையாண்டுத் தாளில்,
வகுத்தல் கணக்குக்குப் படம் போட்டிருந்தான்.
கேக்கோ நிலவோ, கோணல் வட்டங்கள்.
கடைசித் துண்டில் மட்டும்தான் தவறு.
படத்தின் மேலேயே சிவப்பில் கோடு இழுத்து
'இது ஓவியப் பாடம் அல்ல' என்று எழுதினேன்.
ஒரு கால்கூட விடுபடாமல் எழுதினேன்.

பிறகு சோறு, சான்றிதழ், குழுப்படம்.
எட்டு மணி நேரம் என் பெயரில் ஏறியது.

எண்ணெய் நிலையத்தை ஒட்டி
மாமாவின் கார் கழுவும் கடையில் நின்றான்,
முழங்கை வரை நுரை.
மீசை அரும்பியிருந்தது.
'அன்னிக்கு நீ போட்ட படம் சரிடா.
மீதித் துண்டுக்குத்தான் பேர்...'

'எந்தப் படம், டீச்சர்?'

துணியைப் பிழிந்தான்.
சேற்றுத் தண்ணீர் வடிகாலுக்கு ஓடியது.
'வெளியே மட்டும்னா பன்னிரண்டு வெள்ளி.
உள்ளேயும் கூட்டணுமா?'

கூட்டு, என்றேன்.
வகுத்தலைத்
திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.